வேங்கை: மரம் மூத்ததா, புலி மூத்ததா?

வேங்கை என்றதும் இன்று பலருக்கும் புலிதான் நினைவுக்கு வரும். திரைப்படத் தலைப்புகளும் மேடை முழக்கங்களும் செய்த வேலை அது. சங்கப் புலவரைக் கேட்டிருந்தால், மலைச்சரிவில் பொன்னிறமாகப் பூத்து நிற்கும் மரத்தையும் சேர்த்துக் காட்டியிருப்பார்.

பெயர் எதிலிருந்து எதற்குப் போனது? வேங்கைப்பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டிபோல் தோன்றுவதாகக் குறுந்தொகையின் 47ஆம் பாட்டு சொல்கிறது. அகநானூறு 48இல், வேங்கைப்பூவுக்காகப் பெண்கள் ‘புலி, புலி’ என்று கூவ, உண்மையென நம்பி ஓர் இளைஞன் வில்லோடு வந்து நிற்கிறான். புலி என்ற பெயர் மலையாளத்திலும் தெலுங்கிலும் அப்படியே உண்டு. கன்னடத்தில் ஹுலி, துளுவில் பிலி. இப்படிப் பரவலான பெயர் ஏற்கெனவே இருக்க, அந்த விலங்குக்கு இன்னொன்று எதற்கு? மரத்தின் மஞ்சளைக் கண்டு புலிக்கும் அப்பெயரை இட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஊர்ப்பெயர்கள் வேறு குழப்பும்: புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவேங்கைவாசலில் இறைவன் பெயரே வியாக்ரபுரீசுவரர், அங்கே ஐயமில்லாமல் புலிதான்.

குறவர்க்கு இம்மரம் நாள் சொல்லும் கணி. வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது. அறுவடையானால் தலைவிக்குத் தினைப்புனக் காவல் இல்லை, காதலனைச் சந்திக்கவும் வழியில்லை. அகப்பாடல்களில் இந்த மரம் படும் ஏச்சுக்குக் காரணம் அதுதான்.

பட்டையைக் கீறினால் செந்நிறப் பால் வடியும். குழந்தைகளுக்கு வைக்கும் கரும்பொட்டு அதில் செய்ததுண்டு. காய்ந்த பிசின் ‘மலபார் கினோ’ என்று ஐரோப்பிய மருந்துக்கடைகளுக்குப் போய், வயிற்றுப்போக்குக்கு மருந்தாயிற்று. கினோ என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் இதன் உறவு மரத்துப் பிசினின் பெயர். வணிகர்கள் நம் சரக்குக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள்.

இப்போது சந்தையில் ஓடுவது வேங்கைக் குவளை. இரவில் ஊற்றிய தண்ணீர் காலையில் பழுப்பாகி, வெளிச்சத்தில் நீலம் காட்டும். குடித்தால் சர்க்கரை இறங்கும் என்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வேங்கையைச் சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்ததுண்டு, ஆனால் அளவிட்டுக் கொடுத்த மருந்தாக. குவளைத் தண்ணீரில் அந்த அளவு ஏது?

பிசினுக்கு மரம் சாக வேண்டியதில்லை, கீறலில் நிதானம் இருந்தால். குவளைக்கோ வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வேங்கையை அழிவுநிலையை நெருங்கும் இனங்களில் வைத்திருக்கிறது. சிறகுபோல் விரிந்த காயின் கடின ஓட்டுக்குள் சிக்கிய விதை எளிதில் முளைப்பதில்லை. நாற்றுக்கு விதை தரும் முதிர்ந்த மரங்களைத்தான் குவளைக்காரரும் தேடுகிறார்.