நடுக்குவாதத் தீவிர மதிப்பீடு

நடுக்குவாதத் தீவிர மதிப்பீடு என்பது நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) ஒருவரை எந்த அளவுக்குப் பாதித்துள்ளது என்பதை அளந்தறியும் முறைகளைக் குறிக்கும். நடுமூளையில் டோப்பமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் இந்நோயின் இயக்கக் குறைபாடுகள் தோன்றுகின்றன. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் இதனை விவரித்தார். நோயின் தீவிரத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கில் இல்லை. ஆகவே மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் நோயாளியின் கூற்றுமே மதிப்பீட்டின் அடிப்படைகள் ஆகும்.

ஹோன்-யார் நிலைகள்

மார்கரெட் ஹோன், மெல்வின் யார் ஆகிய இருவரும் 1967 இல் வெளியிட்ட இம்முறையில் ஐந்து நிலைகள் உள்ளன.

* நிலை 1: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் அறிகுறிகள்.
* நிலை 2: இரு பக்கமும் அறிகுறிகள், உடற்சமநிலை கெடவில்லை.
* நிலை 3: சமநிலை குறைகிறது, பிறர் உதவியின்றி வாழ இயலும்.
* நிலை 4: கடும் இயலாமை, எனினும் தனியே நிற்கவோ நடக்கவோ இயலும்.
* நிலை 5: உதவியின்றேல் சக்கர நாற்காலி அல்லது படுக்கை.

ஒருங்கிணைந்த அளவை

1987 இல் வெளியான ஒருங்கிணைந்த பார்க்கின்சன் நோய் மதிப்பீட்டு அளவை, 2008 இல் திருத்தப்பட்டது. திருத்திய வடிவம் நான்கு பகுதிகளைக் கொண்டது: உறக்கம், மனநிலை போன்ற இயக்கம் சாராத அனுபவங்கள்; அன்றாட இயக்க அனுபவங்கள்; மருத்துவரின் இயக்கப் பரிசோதனை; சிகிச்சையின் சிக்கல்கள். இப்பகுதிகளில் உள்ள ஒவ்வொரு உருப்படிக்கும் 0 முதல் 4 வரை புள்ளிகள் தரப்படும். மொத்தம் 260 புள்ளிகள். புள்ளி கூடினால் பாதிப்பும் கூடுதல் ஆகும். லெவோடோப்பா மருந்து வேலை செய்யும்போதும் அதன் விளைவு தேய்ந்த பின்னும் ஒரே நோயாளியின் புள்ளிகள் பெரிதும் மாறக்கூடும். எனவே பரிசோதனை எந்நிலையில் நடந்தது என்பதைக் குறித்தல் இன்றியமையாதது.

வாழ்க்கைத் தரம்

1995 இல் வெளியான 39 வினாக்கள் கொண்ட வினாநிரல் பரவலாகப் பயன்படுகிறது. நடமாட்டம், அன்றாடச் செயல்கள், மனநலம், சமூகக் கூச்சம், சமூக ஆதரவு, அறிதிறன், பேச்சுத்தொடர்பு, உடல் வலி ஆகிய எட்டுக் கூறுகளில் கடந்த ஒரு மாத அனுபவத்தை நோயாளியே குறிப்பார். ஒவ்வொரு கூறும் 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாற்றப்படும். சான்றாக, கூச்சம் பற்றிய நான்கு வினாக்களில் 16 இற்கு 8 பெற்றால், அக்கூறின் மதிப்பு 50 ஆகும்.

நோயின் நிலையும் வாழ்க்கைத் தரமும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. நிலை 2 இல் உள்ள இருவரில் ஒருவர் வழக்கம்போல் வேலைக்குச் செல்லலாம். மற்றவர் கை நடுங்குவதைப் பிறர் காண்பர் என அஞ்சித் திருமணப் பந்தியில் அமர்வதையே தவிர்க்கலாம். மனச்சோர்வு வாழ்க்கைத் தரத்தைக் குறைக்கும் முதன்மைக் காரணிகளுள் ஒன்று என ஆய்வுகள் காட்டியுள்ளன. நடுக்கத்தை மட்டும் அளந்தால் இது புலப்படாது.

தமிழ்நாட்டுச் சூழல்

1960களில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் உள்ளிட்டோர் இந்நோய்க்கு மூளை அறுவைச் சிகிச்சை செய்தனர். இன்று ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சைக்கு ஒருவர் ஏற்றவரா என்பதை முடிவு செய்ய, லெவோடோப்பா தருவதற்கு முன்னும் பின்னும் பெற்ற இயக்கப் புள்ளிகள் ஒப்பிடப்படுகின்றன.

வினாக்கள் உள்ளூர் வாழ்க்கைக்குப் பொருந்துவதும் முக்கியம். 1987 அளவை உணவை வெட்டுவது பற்றிக் கேட்டது. 2008 வடிவம் கையால் உண்பதையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கரணையில் வாழும் முதியவர் ஒருவருக்குக் கத்தியும் முட்கரண்டியும் தேவைப்படாமல் இருக்கலாம். சோற்றைப் பிசைந்து சிந்தாமல் வாய்க்குக் கொண்டு செல்ல முடிகிறதா என்பதே அவரது நிலையை உணர்த்தும்.