செஞ்சி: களஞ்சியமும் குளமும் தாங்கிய தலைநகரம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலை செஞ்சிக் கோட்டைக்குள் புகுந்தே வெளியேறுகிறது. பேருந்தில் போகிறவர் கண்ணில் படுவன குன்றும் மதிலும்தான். செஞ்சி பற்றிய எழுத்துகளும் பெரும்பாலும் மதிலையும் போரையுமே பேசுகின்றன. உள்ளே இருந்தவர்கள் எதை உண்டார்கள், எங்கே நீர் எடுத்தார்கள் என்பதற்கு அவற்றில் போதிய இடமில்லை. இராஜாராமின் கீழ் மராத்திய அரசின் தலைநகராக இருந்து, 1690 முதல் 1698 வரை முகலாய முற்றுகையை இவ்வூர் தாங்கியதற்கான விளக்கத்தை அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து, நடுவிலுள்ள சமவெளியை முக்கோணமாக வளைத்ததே செஞ்சியின் அடிப்படை அமைப்பு. கோன் வழியினர் இதைத் தொடங்கியதாக மரபு கூறுகிறது. ஆனால் இதை நகரமாக்கியவர்கள் விசயநகரத்தின்கீழ் எழுந்த நாயக்கர்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரின் அவைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமென்டா, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர எந்த நகரமும் இதற்கு ஈடில்லை என்றும் எழுதினார். அவர் வியந்தது குன்றின் உயரத்தை மட்டுமல்ல. ஒரு பெருநகரத்தின் பரப்பையும்தான்.

நாயக்கர் நகரத்தில் எது எங்கே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. இராஜகிரியின் அடிவாரத்தில், உட்கோட்டைக்குள், கல்யாண மஹால், அரண்மனை மேடை, குதிரை லாயங்கள், வளைவுக் கூரையுடைய பெரிய களஞ்சியம், ஆனைக்குளம் ஆகியவை நெருங்கி நிற்கின்றன. வெங்கடரமணர் கோயிலோ வெளிக்கோட்டையில் இருக்கிறது. கோயிலையே நடுவாக வைத்து வீதிகள் விரியும் ஊர்களைக் கண்டு பழகிய நமக்கு இது புதிது. மதிலின் பாதுகாப்பு மிகுந்த பகுதியில் கருவறைக்குப் பதிலாக நெல்லும் நீரும் இருக்கின்றன. அடுக்கடுக்காக எழும் கல்யாண மஹாலுக்கும் சுடுமண் குழாய்கள் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. இராஜகிரி உச்சியிலும் ஒரு களஞ்சியம் உண்டு. கீழ்க்கோட்டை விழுந்தாலும், உச்சிக்குச் செல்லும் வழியில் குறுக்கிடும் பாறைப் பிளவின் மேலுள்ள பாலத்தைத் துண்டித்துவிட்டு உச்சியில் இருப்பவர் சோறு பொங்கலாம். கிருஷ்ணகிரியிலும் களஞ்சியங்களும், எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று சொல்லப்படும் தொட்டிகளும் உள்ளன. பேரரண்மனைகளைவிட இந்தக் கட்டடங்களே எனக்கு இந்நகரத்தின் மூளையாகத் தெரிகின்றன.

பின்வந்தவர்களும் இந்த அமைப்பைப் பெரிதும் கலைக்கவில்லை. 1649இல் பிஜப்பூர் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் புதிய மதில்களும் அகழிகளும் மட்டுமன்றி நீர்த்தேக்கங்களும் அமைத்ததாக அக்கால இயேசு சபை மடல்கள் கூறுகின்றன. இராஜாராம் இங்கே வந்தபோது அவையும் அமைச்சும் உடன்வந்தன. பிரகலாத நிராஜிக்காகப் 'பிரதிநிதி' என்ற உயர்பதவியும் இங்கேதான் உருவானது. ஆயினும் ஒரு பேரரண்மனையையோ பெருங்கோயிலையோ அந்த அரசு இங்கே எழுப்பவில்லை. ஒரு தலைநகரின் தகுதியை நினைவுச்சின்னங்களைக் கொண்டே அளப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் அரிது.

முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் தயக்கமே முற்றுகையை நீட்டியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அவர் மராத்தியருடன் உள்ளுறவு கொண்டிருந்தார் என்ற ஐயம் அக்காலத்திலேயே இருந்தது. முற்றுகை இறுக்கமாக இருக்கவில்லை என்பதும், மராத்தியத் தளபதிகள் சாந்தாஜி, தனாஜி ஆகியோரின் படைகள் முற்றுகையிட்டோரையே நெருக்கின என்பதும் மெய். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் தளர்ந்த முற்றுகையும் இடையிடையே வழியை அடைக்கும். அந்தக் காலங்களில் உள்ளிருந்தோர் கையிருப்பைக் கொண்டே வாழ வேண்டியிருந்தது. தளபதியின் மனநிலை முற்றுகை ஏன் நீண்டது என்பதை விளக்கலாம். நகரம் எப்படிப் பிழைத்தது என்பதை விளக்காது.

2025இல் யுனெஸ்கோ செஞ்சியை 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தொகுப்பில் உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது. பெருமைக்குரிய ஏற்புதான். எனினும் அந்தத் தலைப்பு மதிலையும் போரையும் மட்டுமே பார்க்கும் பழைய வழக்கத்துக்கு வலுவூட்டக்கூடும். ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரக்குளம் ஆகியவற்றின் வரத்துக்கால்களையும், களஞ்சியங்களின் கொள்ளளவையும், குழாய்த் தடங்களையும் ஒரே வரைபடத்தில் அளந்து பதிவது உடனடித் தேவை. எத்தனை பேருக்கு எத்தனை மாதம் இந்நகரம் சோறிட்டிருக்க முடியும் என்பதை அதன்பின் எண்களைக் கொண்டே விவாதிக்கலாம்.