வெப்ஸ்டர் முறை வந்த வழி

அமெரிக்காவில் 34, 35 வாரக் கர்ப்பிணியிடம் ஸ்கேன் பார்த்தவர் "குழந்தைக்குத் தலை இன்னும் மேலேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், ஓரிரு நாளில் வெப்ஸ்டர் என்ற பெயர் அவள் காதில் விழுந்துவிடும். சொல்பவர் தோழியாக இருக்கலாம், பிரசவத் துணைக்கு வரும் டூலாவாக இருக்கலாம், கர்ப்பிணிகளுக்கான யோகா வகுப்பில் பக்கத்துப் பாயில் உட்காருபவளாகவும் இருக்கலாம். "ஒரு கைரோபிராக்டரைப் போய்ப் பார். வெப்ஸ்டர் தெரிந்தவரா என்று மட்டும் கேட்டுக்கொள்." நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் குடியிருக்கும் நம் பெண்களுக்கும் இதே ஆலோசனைதான் கிடைக்கிறது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது, கத்தி கிடையாது. அந்த வாரத்தில் அவளுக்கு இதைவிட ஆறுதலான பேச்சு வேறு இருக்க முடியாது. அதனால்தான் குழந்தையைத் திருப்பும் என்று நம்பப்படும் இந்தக் கைமுறை எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எதையெல்லாம் சேர்த்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று பார்ப்பது அவசியம் என நினைக்கிறேன்.

இதன் பூர்வீகம் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரம். காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த டேனியல் டேவிட் பால்மர், 1895 செப்டம்பரில், காது சரியாகக் கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பில் ஓரிடத்தை அழுத்திச் சரிசெய்தார். அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்பது, முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கின் பிறப்புக் கதை. காதுக்கான நரம்பு மூளையிலிருந்து நேராகப் போவது, முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. ஆனாலும் எலும்பு வரிசை விலகினால் உடம்பின் வேறெங்கோ நோய் வரும், அதை நேராக்கினால் நோய் போகும் என்ற பால்மரின் நம்பிக்கை நிலைத்துவிட்டது. கல்லூரிகள் வந்தன, உரிமச் சட்டங்கள் வந்தன. முதுகு வலிக்குப் போய் நல்ல பலன் கண்டவர்கள் லட்சக்கணக்கில் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

அந்த மரபில் வந்தவர்தான் லாரி வெப்ஸ்டர். ஜார்ஜியா மாநிலத்தில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்த்துவந்த கைரோபிராக்டர். அவருடைய கணக்கு இப்படிப் போகிறது: முதுகெலும்பு முடியும் இடத்தில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. இடுப்பு எலும்புகள் அதனோடுதான் பொருந்துகின்றன. கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார்களில் சில இந்த எலும்பிலிருந்து வருகின்றன. வேறு இரண்டு, கர்ப்பப்பையின் இரு பக்கத்திலிருந்தும் அடிவயிறு வழியாக முன்புறம் இறங்குகின்றன. முக்கோண எலும்பு சற்றுப் பிசகினாலும் தசைநார்கள் ஒரு பக்கமாக முறுக்கேறும், கர்ப்பப்பை இழுபடும், குழந்தைக்குத் திரும்ப இடம் போதாது. பிசகைச் சரிசெய்தால் முறுக்கு தளரும், இடம் கிடைத்ததும் குழந்தை தானே திரும்பிவிடும். கேட்பவருக்கு உடனே புரிகிற விளக்கம். ஆனால் இதில் ஒவ்வொரு கண்ணியும் அனுமானம்தான். எலும்பின் சிறு பிசகு கர்ப்பப்பையை அந்த அளவுக்கு நெருக்குகிறது என்பதை இன்றுவரை யாரும் அளந்து காட்டவில்லை.

சிகிச்சை அறையில் நடப்பது மிக மென்மையானது. வயிற்றுக்கு இடம் விட்டுக் குழிந்த தலையணைகளை மேசைமேல் அடுக்கி, கர்ப்பிணியைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். பல பெண்களுக்கு மாதக்கணக்கில் கிடைக்காமல் போன சுகம் அது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே மறுபடி போனதாகச் சொல்பவர்கள் உண்டு. பிறகு அவள் இரண்டு முழங்கால்களையும் மடக்கி, குதிகால்களைப் பின்புறத்தை நோக்கி மெல்லத் தள்ளுவார்கள். எந்தக் கால் இறுகி மறுக்கிறதோ அதுதான் அடையாளம். மேசையின் இடுப்புப் பகுதி மட்டும் சற்று உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் கை வைத்து அழுத்தியதும் 'டக்'கென்று கொஞ்சம் கீழே இறங்கும். எலும்பைத் திருத்துவது அவ்வளவுதான். அடுத்து மல்லாந்து படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தசைநார் ஓடும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, இறுக்கம் தளரும்வரை லேசாகப் பிடித்திருப்பார்கள். குழந்தையை யாரும் தள்ளுவதும் இல்லை, உருட்டுவதும் இல்லை.

வெப்ஸ்டர் 1986இல் சர்வதேச கைரோபிராக்டிக் குழந்தைநலச் சங்கத்தை நிறுவினார். 1997இல் அவர் காலமானார். அவருடைய முறையைச் சங்கம் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தது, முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தந்தது, அவர்கள் பெயரை ஊர்வாரியாகப் பட்டியலிட்டது. ஆனால் இதை இவ்வளவு தூரம் கொண்டுபோனது சங்கம் மட்டுமல்ல. மகப்பேறு மருத்துவமே ஒரு கதவை மூடியதால், பெண்கள் வேறு வாசல் தேடினார்கள்.

டொரான்டோவிலிருந்து மேரி ஹன்னா தலைமையில் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்தது. 26 நாடுகள், 121 மருத்துவமனைகள், 2088 பெண்கள். பின்புறம் கீழாக இருக்கும் குழந்தைகளுக்கு, திட்டமிட்ட சிசேரியனைவிடச் சுகப்பிரசவ முயற்சியில் ஆபத்து கூடுதல் என்றது முடிவு. நெதர்லாந்தில் இரண்டே மாதத்தில் இத்தகைய பிரசவங்களில் சிசேரியன் 50 சதவீதத்திலிருந்து 80க்குத் தாவியது. அதே ஆய்வின் குழந்தைகளை இரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது, இறப்பையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை; 2004இல் அது வெளிவந்தது. அதற்குள் பழக்கம் மாறிவிட்டிருந்தது. பின்புறம் முதலில் வரும் குழந்தையைக் கையால் வாங்கும் வித்தையை இளம் மருத்துவர்கள் கற்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துபோயிற்று. குழந்தைக்குத் தலை மேலே என்றால் அறுவைக்கு நாள் குறிப்பது வழக்கமாயிற்று. அந்த வெறுமையில் ஒரு பெண்ணிடம் "உன் உடம்பால் முடியும், கொஞ்சம் இடம் செய்து தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவள் போகத்தானே செய்வாள்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெப்ஸ்டர் முறைக்கு ஓர் எண் கிடைத்தது: 82 சதவீதம். 2002இல் கைரோபிராக்டிக் ஆய்விதழ் ஒன்றில் ரிச்சர்ட் பிஸ்டோலீஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. இன்றும் விளம்பரங்களில் அந்த எண் தனியாக நிற்கிறது. அது பிறந்த விதம் கூடவே வருவதில்லை. அது பரிசோதனை அல்ல, கருத்துக்கணிப்பு. சங்க உறுப்பினர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். ஐந்தில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பதில் போட்டவர்கள், தாங்கள் செய்த சிகிச்சை பலித்ததா என்று தாங்களே சொன்னார்கள். சிகிச்சை பெறாத பெண்கள் என்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டுரை இந்தச் சிகிச்சைக்கு ஏற்றதாகச் சொன்ன காலம் எட்டாம் மாதம். 28ஆவது வாரத்தில் நாலில் ஒரு குழந்தைக்குத் தலை மேலேதான் இருக்கும். நிறைமாதத்தில் அது நூற்றுக்கு மூன்று, நாலாகக் குறைந்துவிடும். இடைப்பட்ட வாரங்களில் பெரும்பாலான குழந்தைகள், யார் கையும் படாமலே, தாமாகத் திரும்பிவிடுகின்றன. எட்டாம் மாதத்தில் எந்தச் சிகிச்சை செய்தாலும் பலித்தது போலத்தான் தெரியும்.

பயணத்தின் பிற்பகுதியில் இந்த முறை தன் பேச்சை மாற்றிக்கொண்டது. குழந்தையைத் திருப்புவது நோக்கமல்ல, தாயின் இடுப்பு இயக்கத்தைச் சீர்செய்வதே நோக்கம் என்று சங்கமே இப்போது விளக்கம் தருகிறது. ஆஸ்திரேலியாவின் கைரோபிராக்டிக் வாரியம் 2016 மார்ச்சில் இன்னும் கறாராகப் பேசியது: பிறக்காத குழந்தைக்குச் சிகிச்சை தரும் பயிற்சி கைரோபிராக்டர்களுக்குக் கிடையாது, குழந்தையின் நிலையைத் திருத்தும் முறை என்று இதைச் சொல்லவும் கூடாது, செய்யவும் கூடாது. எதிர் முகாம் மருத்துவர்கள் சொன்னதல்ல இது, அந்தத் தொழிலுக்கே உரிமம் தரும் அமைப்பு சொன்னது. ஆனாலும் வாய்வழியாகப் பரவும் ஆலோசனையில் "குழந்தை திரும்பும்" என்ற வாக்குறுதிதான் இன்னும் பயணம் செய்கிறது.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. கையால் குழந்தையைத் திருப்பும் ஒரு முறை மருத்துவத்திலேயே, ஆராய்ந்து பார்த்த கணக்கோடு இருக்கிறது. வயிற்றின் வெளியிலிருந்தே செய்வது. பிரிட்டனில் முதல் கர்ப்பத்துக்கு 36ஆவது வாரத்திலிருந்தும், முன்பு பெற்றவர்களுக்கு 37இலிருந்தும் செய்கிறார்கள்; அமெரிக்காவில் பொதுவாக எல்லாருக்கும் 37இலிருந்து. கர்ப்பப்பை தளர டெர்பியூட்டலின் ஊசி. அது போட்டதும் நெஞ்சு படபடக்கும். வயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேனில் பார்த்தபடி, ஒரு கை குழந்தையின் பின்புறத்தை இடுப்புக்குழியிலிருந்து மேலே எடுக்க, மறு கை தலையை வளைத்துக் கீழே கொண்டுபோகும். சில நிமிடங்கள்தான், ஆனால் வலிக்கும். முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பலிக்கிறது. இருநூறில் ஒருவருக்கு அவசர சிசேரியன் தேவைப்படலாம் என்பதால், அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில்தான் செய்வார்கள். முதல் கர்ப்பத்தில் 36 வாரத்துக்குப் பிறகு தானாகத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டுதான். அந்த எட்டுக்கும், முதல் கர்ப்பத்தில் இந்த முறை பலிக்கும் சுமார் நாற்பதுக்கும் உள்ள தூரத்தைப் பெண்களிடம் சொல்லாமல் விடுவது சரியல்ல. மருத்துவர் தானாக எடுக்காவிட்டால் இவளாவது பேச்சை எடுக்க வேண்டும்.

கைரோபிராக்டரிடம் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடுப்பு வலி குறைந்தால் நல்லதுதான், அந்த அழுத்தமும் மென்மையானது. ஆனால் முதலில் ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, பனிக்குட நீர் குறைந்திருப்பது, கர்ப்பப்பை இரண்டாகப் பிரிந்த அமைப்பு, நார்க்கட்டி இவையெல்லாம் குழந்தை திரும்பாததற்குக் காரணமாகலாம். முதுகெலும்பைத் தொட்டு இவற்றில் எதுவும் மாறாது. இரத்தக் கசிவு இருந்தால் மேசையில் ஏறவே கூடாது. 35ஆவது வாரத்தில் ஆரம்பித்து "இன்னும் இரண்டு அமர்வு பார்ப்போம்" என்று போனால் 38 வந்துவிடும். அப்போது நீர் குறைந்து, குழந்தை பெருத்து, மருத்துவரின் கைக்கும் வேலை கடினமாகிவிடும்.

வெற்றிக் கதைகளில் விடுபட்டுப் போகும் ஒரு விஷயம் இன்னும் இருக்கிறது. 36ஆவது வாரத்தில் பின்புறம் கீழாக இருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். பிறகு திரும்பித் தலை முதலாகப் பிறந்தாலும், யார் கையால் திரும்பியிருந்தாலும், அந்த வாய்ப்பு குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரிட்டனில் இத்தகைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு வார வயதை ஒட்டி இடுப்பு மூட்டு ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த வயதில் கண்டுபிடித்தால் பட்டைகள் கட்டிச் சரிசெய்துவிட முடிகிறது. நடக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் பலருக்கு அறுவை சிகிச்சையே வேண்டியிருக்கும். பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது இந்த ஸ்கேனுக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.