காலடிப்பேட்டையும் பனிக்கலப்பையும்

1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் காலட்பேட்டை. மக்கள் நாவில் அது காலடிப்பேட்டையாயிற்று. யாருடைய காலடி என்று கேட்டால் தலபுராணம் ஒன்றும் கிடைத்துவிடக்கூடும். அயற்சொல் ஒன்றைத் தமக்குத் தெரிந்த சொல்லாகக் கேட்டுக்கொள்வது மொழியின் பழைய பழக்கம். ‘பனிக்கலப்பை’ என்று நாம் இன்று எழுதும் சொல்லிலும் இதுபோன்ற மயக்கம் ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

பனியே பெய்யாத இந்தக் கடற்கரைக்கும் பனிமலைக்கும் நேரடித் தொடர்பு இருந்திருக்கிறது. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு வாங்கிய என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்களே, 1955இல் திருவொற்றியூரில் அத்தொழிற்சாலை எழக் காரணம். இன்னும் சற்று வடக்கே எண்ணூரில், ரகுநந்தன் சரண் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அந்நிறுவனத்தின் ‘ஸ்டாலியன்’ லாரிகள் பல்லாயிரக்கணக்கில் ஜபல்பூர் இராணுவ ஊர்தித் தொழிற்சாலையில் பூட்டப்பட்டு, லடாக் வரை சுமை ஏற்றிச் செல்கின்றன. மாசி வெயிலில் வியர்த்தபடி உழைத்த ஊர், பத்தாயிரம் அடிக்கு மேல் ஓடும் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது என்பதை வடசென்னையைப் பற்றி எழுதுவோர் ஏனோ பெரிதாகச் சொல்வதில்லை.

அத்தகைய லாரி ஒன்றின் முன்னே பனியை அகற்றும் கருவியைப் பொருத்த வேண்டுமென்றால் எதைத் தேர்வது? கேள்வி நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பனியின் அளவைவிட முக்கியமானதாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: வழித்த பனியை எங்கே போடுவது?

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் நாட்டுக் கலப்பையின் கொழு மண்ணைக் கீறிப் பிளக்கும்; புரட்டிப் போடாது. ஐரோப்பியக் கலப்பையிலோ கொழுவுக்குப் பின்னால் வளைந்த பலகை ஒன்று உண்டு. வெட்டிய மண்ணை ஒருபக்கமாகப் புரட்டித் தள்ளுவது அதன் வேலை. அந்த வளைபலகைதான் பனியை ஒதுக்கும் கருவிக்குப் பெயர் தந்தது. இன்றும் அதன் முகப்புத் தகடு அப்பெயராலேயே வழங்குகிறது. ஆகவே நாம் ‘பனிக்கலப்பை’ என்னும்போது மனத்தில் தோன்றும் ஏர் வேறு, அவர்கள் குறிக்கும் ஏர் வேறு. உப்பளத்தில் உப்பை வாரிக் கரையில் குவிக்கும் நீண்ட பிடியுள்ள பலகையே அதற்கு நம்மிடையே நெருங்கிய உறவு என்று எனக்குத் தோன்றுகிறது. உப்பளங்களை அறிந்த எண்ணூர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

1862இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத் தெருக்களில் குதிரைகள் இத்தகைய பலகைகளை இழுத்தன. இரயில் பாதைகளிலோ ஆப்பு வடிவக் கருவி வந்தது. இரு பலகைகள் கூராக இணைந்து பனியைப் பிளந்து இருபுறமும் ஒதுக்கும். சமவெளியில் இது போதும். மலையைக் குடைந்த பாதையில் இருபுறமும் சுவர். ஒதுக்கிய பனி சரிந்து மறுபடியும் தண்டவாளத்திலேயே விழும். இச்சிக்கலுக்கு விடை சொன்னவர் ஒரு பல் மருத்துவர்! டொரோண்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட், சுழலும் சக்கரத்தால் பனியை அறுத்துத் தொலைவில் வீசும் எந்திரத்துக்கு 1869இல் காப்புரிமை பெற்றார். ஆரஞ்சு ஜல் அதைத் திருத்தியமைக்க, லெஸ்லி சகோதரர்கள் 1883–84 குளிர்காலத்தில் அதை முழு அளவில் செய்து காட்டினர். தள்ளுவதற்கும் வீசுவதற்கும் உள்ள வேறுபாடு அன்று நிலைபெற்றது. பின்னர் லாரிகள் வந்தபோது இவ்விரு வழிகளுமே சாலைக்கு இறங்கின. 1920களில் நார்வேயின் ஓவராசன் சகோதரர்கள் மோட்டார் வண்டிக்கான பலகையையும், கனடாவின் ஆர்தர் சிகார்ட் சாலையில் செல்லும் பனிவீசு எந்திரத்தையும் உருவாக்கினர்.

இன்று லாரிக்காரர் முன்னுள்ள வகைகள் இவற்றின் வழிவந்தவையே. நேர்ப்பலகை எளியது, வலமாகவோ இடமாகவோ ஏறத்தாழ 30 பாகை திருப்பிக்கொண்டு ஓட்டினால் பனி ஓரமாய்ச் சுருண்டு ஒதுங்கும். புதிதாய்ப் பெய்த பனிக்கும் நீண்ட சாலைக்கும் அது ஏற்றது. நடுவில் கீலுடைய ‘வி’ வடிவப் பலகை, கூர் முன்னே நிற்கும்போது இறுகிய குவியலைப் பிளக்கும். உள்நோக்கி மடக்கினால் பனியை அள்ளிச் செல்லும். பக்கவாட்டில் நீளும் சிறகுப்பலகை அகன்ற நெடுஞ்சாலைக்கானது. பலகையின் அடிவிளிம்பு எஃகாயிருந்தால் இறுகிய பனியைச் சுரண்டும். இரப்பராயிருந்தால் சாலையின் மேற்பரப்பைக் காக்கும். மண்ணில் புதைந்த கல்லில் மோதும்போது பலகை பின்னுக்கு மடங்கி மீளும்படி வில் வைத்திருப்பார்கள். அந்த வில் இல்லையென்றால் மோதலின் அதிர்ச்சி முழுவதும் லாரியின் சட்டத்துக்கும், அதன்வழி ஓட்டுநரின் முதுகுக்கும் போய்ச் சேரும்.

ஆனால் கருவியைத் தேர்வதில் லாரியே பாதி முடிவைச் செய்துவிடுகிறது. பலகையின் எடை முழுவதும் முன் அச்சுக்கும் முன்னே தொங்குகிறது. முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதே முதற்கணக்கு. முன்பக்கம் கனத்தால் பின்சக்கரங்களின் பிடி தளரும். எனவே பின்னே மணலோ கல்லோ ஏற்ற வேண்டும். பனிவீசு எந்திரமானால் சிக்கல் வேறு. அது மணிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபடியே முழு விசையையும் சக்கரத்துக்குத் தர வேண்டும். சாதாரண லாரியின் முதல் கியர் அதற்கு மிக வேகமானது. 1948இல் ஜெர்மனியில் உழவு ஊர்தியாகப் பிறந்த யூனிமோக், முன்பக்கம் விசை எடுக்கும் தண்டும் ஊர்ந்து செல்லும் கியர்களும் கொண்டிருந்ததால் பிற்காலத்தில் பனிநாடுகளின் வேலை வண்டியாயிற்று. எண்ணூரிலிருந்து வந்த லாரிகளின் பிறப்பு வேறு. அவை சுமப்பதற்கென்றே செய்யப்பட்டவை.

இதே 1948இல்தான் ஜோஜிலா கணவாயில் போர் நடந்தது. 3,528 மீட்டர் உயரமுள்ள அக்கணவாய்க்கு ஏறும் கோவேறு கழுதைத் தடத்தை, டாங்கிகள் ஏறும்படி அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்கள். நவம்பர் 1 அன்று ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியூடே கணவாயைக் கடந்தன. ஸ்ரீநகர்–லே சாலைக்கு இன்றும் அதுவே வாயில். 1960 மே மாதம் எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றி, ‘பீக்கன்’ திட்டத்தின்கீழ் காஷ்மீர்ச் சாலைகளை ஏற்றது. 2010இல் உருவான ‘விஜயக்’ திட்டம் லடாக் பக்கத்தைக் கவனிக்கிறது. கணவாயைத் திறக்கும்போது இருபுறமிருந்தும் இவ்விரு அணிகளும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கும்.

அங்கே லாரிப் பலகை ஏன் தனித்து நிற்க முடியாது என்பது சாலையைக் கண்டவர்க்கு விளங்கும். ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் பாதாளம். புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. சரிந்து விழுந்து இறுகிய பனியோ 400 கிலோவையும் தாண்டும், அதனுள் கல்லும் மரமும் கிடக்கும். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால், கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. எனவே புல்டோசர் முன்சென்று சரிவைக் குடைந்து வழி காட்டும். வீசு எந்திரம் பின்வந்து சுவரை அறுத்துப் பள்ளத்தாக்கில் எறியும். பலகை கட்டிய வண்டி, திறந்த சாலையில் அன்றாடம் விழும் பனியை வழிக்கும். சுமைலாரிகள் இவர்களுக்கு டீசலும் உணவும் ஆட்களும் கொண்டுவரும். ஆட்களில் பெரும்பகுதியினர் ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து வரும் தினக்கூலிகள். எந்திரம் நுழையாத இடத்தில் மண்வெட்டி அவர்களுடையது.

முன்பு ஆண்டில் ஐந்து மாதம் வரை மூடிக் கிடந்த ஜோஜிலா, 2022இல் 73 நாள், 2023இல் 68, 2024இல் 35, 2025இல் 32 நாள் மட்டுமே மூடப்பட்டது. இராணுவத்துக்கும் லடாக் மக்களுக்கும் இது பெரும் பயன். ஆனால் இந்தக் கணக்கைப் பாராட்டும் செய்திகள் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. மூடும் நாட்கள் குறையக் குறைய, சரிவு அபாயம் மிகுந்த நடுக்குளிரிலேயே எந்திரங்களும் ஆட்களும் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் அதை ஓட்டுபவர் சரிவின் அடியில்தான் அமர்ந்திருக்கிறார். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங் கணவாயில் அந்தத் தேவையைப் பெரிதும் குறைத்தது. ஜோஜிலாவுக்கான சுரங்கப் பணியும் நடந்துவருகிறது. ஆயினும் சுரங்க வாயில் வரைக்குமான சாலையைப் பனியிலிருந்து காப்பது யாருடைய வேலை என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

2025 பிப்ரவரி 28 அன்று, உத்தராகண்டின் மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலைகள் அமைப்பின் பனி அகற்றும் பணியில் இருந்த 54 தொழிலாளர்கள் பனிச்சரிவில் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் இறந்தனர். அவர்கள் தங்கியிருந்தவை கன்டெய்னர்கள். காலடிப்பேட்டை வழியே துறைமுகத்துக்கு இரவும் பகலும் போகின்றனவே, அதே இரும்புப் பெட்டிகள். சரிவு அவற்றை உருட்டிச் சென்று புதைத்தது. இரும்புச் சுவர்கள் நசுங்காமல் தாங்கியதால்தான் உள்ளிருந்தோரில் பலர் உயிருடன் வெளியே வந்தனர்.