எந்த வருஷத்துப் புதுக்கோட்டை? ஒரு மாடல் ரயிலுக்கு நிலம் செய்யும் கதை

இன்னைக்கு ஒரு மேஜை மேல நடக்குற வரலாற்றைப் பத்திப் பேசப் போறோம். விஷயம், மாடல் ரயில்வே.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போற ரயில் பாதையில ஒரு சின்னத் துண்டை வீட்டுல செய்யணும்னு வெச்சுக்குவோம். எஞ்சின் காசு கொடுத்தா கிடைக்கும், தண்டவாளமும் கிடைக்கும். ஆனா அந்தத் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்க வேண்டிய நிலம் எந்தக் கடையிலயும் கிடைக்காது. கடையில இருக்கறது ஜெர்மன் ஸ்டேஷன், பைன் மரம், பனி மூடின மலை. செம்மண்ணும் பனையும் கண்மாயும் நாமளே தான் செஞ்சாகணும். செய்ய உட்கார்ந்தா முதல் கேள்வியே ஒரு வரலாற்றுக் கேள்வியா வந்து நிக்கும்: எந்த வருஷத்துப் புதுக்கோட்டை?

கொலு பார்க்குல ஆரம்பிப்போம்

இதெல்லாம் வெள்ளைக்காரங்க பொழுதுபோக்குன்னு நினைக்க வேண்டாம். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடுகள்ல படிக்கட்டுக்குக் கீழே 'பார்க்'னு ஒண்ணு போடுவாங்க, பாத்திருப்பீங்க. தாம்பாளத்துல மண் கொட்டி, கடுகோ கேழ்வரகோ வெந்தயமோ தூவி, தினமும் தண்ணி தெளிச்சா நாலஞ்சு நாள்ல பச்சைப் புல் ரெடி. முகம் பாக்குற கண்ணாடியைச் சுத்தி மண்ணைக் குவிச்சா குளம். கசக்கின காகிதத்துக்குப் பெயிண்ட் அடிச்சா மலை. அதைச் சுத்தி ஒரு சாவி ரயில். பத்து நாள் முடிஞ்சதும் எல்லாத்தையும் பிரிச்சுப் பெட்டியில போட்டுப் பரணுக்கு ஏத்திடுவாங்க. அடுத்த வருஷம் மறுபடியும் முதல்லேர்ந்து.

நவராத்திரி புதுக்கோட்டைக்கு அரச விழா. திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உருவம் போட்ட 'அம்மன் காசு'ங்கிற சின்னச் செப்புக் காசை, சமஸ்தானம் நவராத்திரி சமயத்துல அரிசியோட சேர்த்துத் தானமா கொடுத்துது. கொலு பார்க்குல அழகு இருக்கு, ஆனா அளவு இருக்காது. செட்டியார் பொம்மையை விடக் கோயில் கோபுரம் சின்னதா இருக்கும், ரயிலை விட வாத்து பெரிசா இருக்கும். அதை யாரும் குறை சொல்றதும் இல்ல. மாடல் ரயில்வே அதே வேலையை எடுத்துக்கிட்டு, கூட ஒரு நிபந்தனை போடுது: எல்லாப் பொருளும் ஒரே விகிதத்துல சுருங்கணும்.

87ல் ஒண்ணு

உலகத்துல அதிகமா புழங்குற விகிதத்துக்கு 'ஹெச்.ஓ.'ன்னு பேரு. நிஜத்துல 87 அடின்னா மாடல்ல 1 அடி. புனேயில பாவுசாஹேப் ஜோஷி உருவாக்கி 1998ல திறந்த மினியேச்சர் ரயில்வே மியூசியம் இந்த அளவுல தான் ஒரு நகரத்தையே காட்டுது.

நம்ம கணக்கைப் போடுவோம். 20 மீட்டர் பனைமரம், மாடல்ல 23 சென்டிமீட்டர். 2 மீட்டர் உயர மண்குதிரை, ரெண்டேகால் சென்டிமீட்டர். இதுவரைக்கும் சரி. ஆனா 1 கிலோமீட்டர் தூரம், மாடல்ல பதினொன்னரை மீட்டர்! புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அப்படியே சுருக்கினா 230 மீட்டர் நீள மேஜை வேணும். எந்த அபார்ட்மெண்ட்ல அவ்வளவு இடம் இருக்கு?

அதனால வெட்டித் தான் ஆகணும். எதை வெச்சுக்கறது, எதை விடறது? ஸ்டேஷன் வேணும். கோட்டை மலை வேணும். கண்மாய்? குதிரை வரிசை? நடுவுல இருக்குற வெறும் பொட்டல்? இந்தத் தேர்வைச் செய்யற நிமிஷமே நீங்க வரலாற்று ஆசிரியர் வேலையைப் பாக்க ஆரம்பிச்சுட்டீங்க.

ரயில் எப்போ வந்துச்சு?

இன்னைக்கு இருக்குற புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ள ரயில் ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டு வேற வேற திசையிலேர்ந்து.

முதல்ல 1903ல, அறந்தாங்கிக்கு. அப்போ அறந்தாங்கி பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த தஞ்சாவூர் மாவட்டம். மாயவரத்துலேர்ந்து கிளம்பி முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைன்னு கொஞ்சம் கொஞ்சமா நீண்ட மீட்டர்கேஜ் பாதை அது. தஞ்சாவூர் மாவட்ட போர்டு பணம் போட்டுக் கட்டின பாதை.

சமஸ்தானத் தலைநகருக்கு ரயில் வர இன்னும் 26 வருஷம் ஆச்சு. திருச்சி–புதுக்கோட்டை பாதை 1929ல திறந்தாங்க. புதுக்கோட்டையிலேர்ந்து மானாமதுரை வரைக்கும் 1930ல. ராஜகோபால தொண்டைமான் 1928ல பட்டத்துக்கு வந்தப்போ அவர் சின்னப் பையன். அவர் பேருல நடந்த ஆட்சியில தான் தென்னிந்திய ரயில்வேயோட வண்டி ஊருக்குள்ள வந்துச்சு. திருச்சியிலேர்ந்து ராமேஸ்வரம் போறவங்க மதுரை சுத்திப் போக வேண்டியதில்லாம ஒரு குறுக்கு வழியும் கிடைச்சுது. கீரனூர், நார்த்தாமலை, வெள்ளனூர், புதுக்கோட்டை, நமணசமுத்திரம், திருமயம்னு வரிசையா வர்ற ஸ்டேஷன்கள் எல்லாம் இந்தப் பாதையில தான்.

மூணு வருஷம், மூணு நிலம்

ஒரே இடத்தை மூணு வருஷத்துல செஞ்சு பாப்போம். இடம், திருமயத்துக்குப் பக்கத்துல. பின்னாடி 1687ல சேதுபதி கட்டின கோட்டை, பாறை மேல. மூணு மாடல்லயும் மாறாதது அந்தப் பாறை ஒண்ணு தான்.

முதல் மாடல், 1935. ஒத்தை மீட்டர்கேஜ் பாதை. மாடல்ல ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 12 மில்லிமீட்டர் வரும். கரி எஞ்சின். பாதை ஓரத்துல மாட்டுவண்டித் தடம், பனை, கருவேலம், புதர்க்காடு.

ரெண்டாவது மாடல், 1975 தாண்டி. 1974ல திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்கள்லேர்ந்து பகுதிகளைப் பிரிச்சுப் புதுக்கோட்டை மாவட்டம் உருவாச்சு. அதே 1974ல தான் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தொடங்குச்சு. அது போட்ட தைலமரத் தோட்டங்கள் மாவட்டத்துக் காட்டு நிலத்தோட முகத்தையே மாத்திடுச்சு. மாடல் செய்யறவருக்குத் தைலமரக்காடு ரொம்ப சுலபம். ஒரே மாதிரி குச்சி, ஒரே இடைவெளி, ஒரே பச்சை, ஒரே நாள்ல முடிஞ்சிரும். பழைய புதர்க்காட்டைச் செய்யணும்னா பத்து விதமான இலை, பத்து விதமான உயரம் வேணும், ஒரு வாரம் ஆகும். ஆனா நிஜ நிலத்துல அந்த சுலபத்துக்கு யாரோ விலை கொடுத்தாங்க. தைலமரம் நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுது, தோட்டத்துக்குள்ள போடுற வரப்பு மழைத்தண்ணியைக் கண்மாய்க்கு வரவிடாம தடுக்குதுன்னு இந்த மாவட்ட விவசாயிகள் பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க.

மூணாவது மாடல், இன்னைக்கு. 2000கள்ல பாதை அகலப்பாதையாச்சு. அப்புறம் மேலே மின்கம்பியும் வந்துச்சு. இங்க மாடல்காரருக்கு ஒரு சிக்கல். நம்ம அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல வகுத்தா 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கடையில கிடைக்கிற ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய அகலம். கண்டுக்காம விடறவங்க உண்டு, தானே தண்டவாளம் செய்யறவங்களும் உண்டு.

அறந்தாங்கிப் பாதையை எடுத்தா வருஷம் சொன்னாக்கூடப் பத்தாது, மாசமும் சொல்லணும். காரைக்குடி–பட்டுக்கோட்டை பாதையை அகலப்பாதையா மாத்தித் திறந்தது 2018ல. அதே வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியக்காலையில கஜா புயல். கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் தென்னந்தோப்புகள் கொத்துக் கொத்தா சாய்ஞ்சுது. 2018 ஜூன்ல செய்யற மாடல்ல மரம் நிக்கும், டிசம்பர்ல செய்யற மாடல்ல மரம் கிடக்கும். ரெண்டுமே உண்மை.

செம்மண்ணுல காந்தம்

இப்போ கை வேலைக்கு வருவோம். அடிநிலத்துக்குத் தெர்மாக்கோலை வெட்டி மேடு பள்ளம் செய்யலாம். மேல செய்தித்தாள் கீற்றுகளைப் பசையில நனைச்சு ஒட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசலாம். அது காய்ஞ்சதும் நிஜ செம்மண்ணையே தூவலாம், ஆனா மெல்லிசுத் துணியில சலிச்ச பிறகு. சலிக்காத மண்ணுல ஒரு சின்ன உருண்டை 87 மடங்கு கணக்குல ஒரு பாறாங்கல்லா தெரியும். தூவின மண்ணு மேல தண்ணி கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டா விடணும். அதுல ஒரு துளி பாத்திர சோப்பு கலந்தா பசை மண்ணுக்குள்ள சீரா இறங்கும். காய்ஞ்சா நிறம் கொஞ்சம் கருக்கும், அதனால முதல்லயே வெளிறின மண்ணா எடுக்கறது நல்லது. டீ போட்டு முடிச்ச தூளைக் காயவெச்சா சருகு. தென்னை நாரை நறுக்கினா காய்ஞ்ச புல்.

முக்கியமான ஒண்ணு. மண்ணைத் தூவறதுக்கு முன்னாடி அது மேல காந்தத்தை ஓட்டிடுங்க. செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கறதே இரும்பு. காந்தத்துல ஒட்டுற துகள் இருந்தா மாடல் எஞ்சினோட மோட்டாருக்குள்ள போய் மாட்டிக்கும். இந்த மாவட்டத்துச் செம்புராங்கல்லும் இரும்புச் சத்து நிறைஞ்சது தான்.

அடுத்து குதிரை. நமணசமுத்திரம் அய்யனார் கோயில் பாதையில மண்குதிரைகள் வரிசையா நிக்கும். வேளார் சமூகத்துக் குயவர்கள் செய்யறது. மண்ணோட மணலும் உமியும் கலந்து, முதல்ல கால்களைக் குழாய் மாதிரி செஞ்சு, அதுக்கு மேல உடம்பை எழுப்பி, சுட்டு எடுப்பாங்க. நேர்த்திக்கடனா புதுக் குதிரை வரும், பழசு அது பாட்டுக்கு நிக்கும். மழையில கரைஞ்சு, தலை போய், கால் மட்டும் மிஞ்சும். இதை மாடல்ல செய்யும்போது எல்லாக் குதிரையையும் பளபளன்னு வெச்சா அது பொருட்காட்சி ஸ்டால் மாதிரி ஆயிடும். முன்னாடி புதுசு நாலு, நடுவுல நிறம் போனது பத்து, பின்னாடி உடைஞ்ச துண்டுகள். அப்போ தான் அந்த வரிசைக்கு வயசு தெரியும்.

கலிங்கும் மாட்யூலும்

230 மீட்டர் மேஜைக்கு இடமில்லன்னு சொன்னேன். அதுக்குக் கண்டுபிடிச்ச வழி தான் 'மாட்யூல்'. 1970கள்ல கலிஃபோர்னியாவுல சில ஆர்வலர்கள் 'என்ட்ராக்'னு ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க. ஆளுக்கு ஒரு பலகை, பொதுவா நாலடி நீளம். ரெண்டு ஓரத்துலயும் தண்டவாளம் எந்த இடத்துல வரணும், மின்சார இணைப்பு எப்படி இருக்கணும்கிறது எல்லாருக்கும் பொது. நடுவுல உங்க இஷ்டம். எல்லாரும் ஒரு ஹாலுக்குக் கொண்டு வந்து இணைச்சா நீளமான ரயில்பாதை. ஐரோப்பாவுல 1981ல தொடங்கின 'ஃப்ரெமோ'வும் இதே வழி தான்.

புதுக்கோட்டைக்காரங்களுக்கு இந்த யோசனை புதுசா தெரியாது. இங்க ஆயிரக்கணக்கான கண்மாய்கள் சங்கிலியா இருக்கு. மேல் கண்மாய் நிறைஞ்சா கலிங்கு வழியா தண்ணி வழிஞ்சு வாய்க்கால்ல ஓடி அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒவ்வொரு ஊரும் தன் கண்மாயைத் தன் இஷ்டப்படி பாத்துக்கலாம். ஆனா வரத்துக்கால் எங்க வரணும், கலிங்கு எந்த மட்டத்துல இருக்கணும்கிறது அடுத்த ஊரோட சம்பந்தப்பட்டது. நடுவுல ஒரு மாட்யூல் காணாம போனா ரயில் நிக்கும். நடுவுல ஒரு கண்மாய் தூர்ந்தா கீழ இருக்குற வயல் காயும்.

இந்தச் சங்கிலியைக் குறுக்கே வெட்டிக்கிட்டுத் தான் ரயில் மேடு போகுது. தண்ணி போக வழி வேணுமே? அதனால மேட்டுக்கு அடியில சின்னச் சின்னப் பாலங்கள். மாடல் செய்யறவங்க அதிகமா மறக்கறது இதைத் தான். தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் பக்காவா இருக்கும், மழைத்தண்ணி எங்க போகும்னு பாத்தா பதில் இருக்காது. அப்புறம் கண்மாய்க்குள்ள குமிழித் தூம்பு. ரெண்டு கல்தூண் நட்டு, குறுக்கே கல் வெச்ச பழைய மடை. பலதுல கல்வெட்டும் உண்டு. மாடல்ல ரெண்டு தீக்குச்சித் துண்டு போதும். அதை வெச்சதும் அந்தத் தண்ணிக்குப் பல நூறு வருஷம் கூடிடும்.

எதுக்கு இந்த மெனக்கெடல்?

1925ல ஆஸ்திரேலியாவுலேர்ந்து இங்கிலாந்து போன ராய் இங்லண்ட்னு ஒருத்தர். 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு'ங்கிற பகுதிக் கிராமங்கள் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சுண்ணாம்பு மலையில செதுக்கின ஒரு பழங்காலக் குதிரை உருவத்தால வந்த பேரு அது. அவர் கண்ணெதிர்லயே பழைய வீடுகள் மாறவும் இடியவும் ஆரம்பிச்சுது. தடுக்க முடியலன்னா பதிவாவது பண்ணுவோம்னு, வீட்டுக்கு வீடு அளவெடுத்து மாடல் செய்யத் தொடங்கினார். அது தான் பின்னாடி பெண்டன் மியூசியமாச்சு. இன்னைக்கு அந்தக் கிராமங்கள் 1930கள் வாக்குல எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க, ஆராய்ச்சி பண்றவங்களே அந்த மாடலைப் பாக்கலாம்.

நம்ம பக்கம் கோயிலுக்கும் கோட்டைக்கும் தொல்லியல் துறை இருக்கு. ஸ்டேஷன் பக்கத்துப் புளியமரத்துக்கு யாரு இருக்கா? மீட்டர்கேஜ் காலத்துத் தண்ணித்தொட்டி, கேட்கீப்பர் வீடு, கலிங்கு வாய்க்கால், புதர்க்காடு, இதெல்லாம் எந்தப் பட்டியல்லயும் வராத சாதாரண நிலம். அது போனப்புறம் தான் போச்சுன்னே தெரியும். அதை நேர்ல பாத்தவங்க இப்போ அறுபது, எழுபது வயசுல இருக்காங்க.

அதனால செய்யணும்னு தோணுச்சுன்னா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்தை முடிவு பண்ணுங்க. அப்புறம் உங்க தாத்தா பாட்டிகிட்ட கேளுங்க: ஸ்டேஷன்ல இறங்கினா வலது பக்கம் என்ன இருந்துச்சு? கண்மாய்ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு? கேட்டைத் தாண்டினா என்ன மரம்? நாலடிப் பலகையை நிறைக்கற அளவுக்குப் பதில் கிடைக்கும். அந்தப் பதில்களை ஃபோன்ல பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. பலகையை நீங்க முடிக்காமலே போனாலும் அந்தப் பதிவு மிஞ்சும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.