கச்சான் காற்றும் கணினியின் காய்ச்சலும்

கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில் கச்சான் என்பது ஒரு காற்றின் பெயரும் ஆகும். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்படுவதால் மேலும் சூடேறுகிறது. கரையை வந்தடையும்போது கடற்காற்றையே எதிர்த்துத் தள்ளும் வலிமை அதற்கு இருக்கும். மட்டக்களப்பில் இக்காலத்தில் வெப்பநிலை 38 பாகை செல்சியஸ் வரை ஏறுவதுண்டு. அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனையிலும், அதன் அயலூர்களான மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூரிலும் இக்காற்றை அறியாதவர் இல்லை.

இந்தக் காற்றுக்கும் மேசைக் கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எனக்கு அத்தொடர்பு புரிந்தது 2005 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி அம்பாறைக் கரையோரத்தை எப்படிச் சிதைத்தது என்பது உலகறிந்த செய்தி. இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அதுதான். அதன் பின்னரான மாதங்களில் நான் கரையோர மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டுக் குறித்துவந்தேன். வீடு வீடாகச் சென்று கேட்டவற்றைப் பிற்பகலில் வந்து கணினியில் பதிவது வழக்கம். வளைகுடா நாடொன்றில் உழைத்த என் தம்பி அனுப்பிய பணத்தில் வாங்கிய பென்டியம் 4 கணினி அது.

ஜூலை பிறந்ததும் அந்தக் கணினிக்கு ஒரு நோய் பிடித்தது. லுஹர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்து ஒரு மணித்தியாலம் தட்டச்சு செய்தால், முதலில் எழுத்துக்கள் தயங்கித் தயங்கி வரும். பிறகு திரை திடீரென இருண்டுவிடும். இரவில் அதே கணினி ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பழுதுபார்க்கும் இடமொன்றில் காட்டினேன். வைரஸ் என்றார்கள், விண்டோஸை மீள நிறுவினார்கள். அடுத்த வாரம் மின்வழங்கியை மாற்றினார்கள். மூன்றாவது தடவை, தாய்ப்பலகை போய்விட்டது, புதிய கணினி வாங்குவதே நல்லது என்று தீர்ப்புச் சொன்னார்கள். இதற்கிடையில், சேமிக்காத இரண்டு பக்கங்கள் அழிந்துபோயின. மூன்று பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு தாயின் வாக்குமூலம் அவற்றில் இருந்தது.

புதிய கணினிக்குப் பணம் புரட்டத் தயாராகும் வேளையில்தான், கணினி படித்துக்கொண்டிருந்த அயல்வீட்டு இளைஞர் ஒருவர் வந்தார். கணினி அணைந்த கையோடு அதை மீண்டும் இயக்கி, பயோஸ் எனப்படும் அடிப்படைத் திரைக்குள் நுழைந்து ஓர் எண்ணைக் காட்டினார். புரொசஸரின் வெப்பநிலை 71 பாகை. பெட்டியைத் திறந்தோம். புரொசஸர் மீதிருந்த அலுமினியத் தகடுகளுக்கிடையில் தூசு நெய்த துணிபோல் படிந்திருந்தது. “காக்கா, இந்த மிசினுக்கு மூச்சு முட்டுது, வேற ஒரு வருத்தமும் இல்ல” என்றார் அவர். துலக்கி, காய்ந்துபோன வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். மறுநாள் பிற்பகலில் அதே திரை 54 பாகை காட்டியது. அதன் பின்னர் பல ஆண்டுகள் அந்தக் கணினி உழைத்தது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது, கணினியின் வரலாற்றை வெப்பத்தின் வரலாறாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1946 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது உறிஞ்சிய மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அத்தனையும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவந்தது. அதை வெளியேற்றத் தனியே ஊதுகருவிகள் வேண்டியிருந்தன. டிரான்சிஸ்டரும், 1971 இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற முதலாவது நுண்செயலியும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாகவே தோன்றின. 1981 இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியின் 8088 புரொசஸருக்கு வெப்பத் தகடும் இல்லை, தனி விசிறியும் இல்லை. மின்வழங்கியின் விசிறி ஒன்றே முழுப் பெட்டிக்கும் போதுமாயிருந்தது.

கணினியின் வேகம் கூடக்கூடக் காய்ச்சலும் கூடியது. 1992 இல் வந்த 486 டிஎக்ஸ்2 புரொசஸரின் மீது வெப்பத் தகடு ஏறியது. 1993 இன் முதலாவது பென்டியம் 16 வாட் வரை உண்டது. விசிறி அதற்குத் துணையானது. ஆனாலும் உள்ளே எவ்வளவு சூடு என்பதைப் பயனாளர் அறிய வழியிருக்கவில்லை. கையை வைத்துப் பார்ப்பதுதான் அன்றைய வெப்பமானி.

1990களின் நடுப்பகுதியில் நெஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78 போன்ற கண்காணிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையில் இடம்பிடித்தன. வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் சுழற்சி ஆகிய மூன்றையும் அவை அளந்து சொல்லின. லினக்ஸ் உலகில் இவ்வளவீடுகளைப் படிக்க எழுதப்பட்ட எல்எம்-சென்சர்ஸ் என்ற மென்பொருள் தன் பெயரை அந்தச் சில்லு வரிசையிலிருந்தே பெற்றது. விண்டோஸ் பயனாளர்களிடையே ஸ்பீட்ஃபேன் பரவியது. ஆரம்பத்தில் வெப்ப உணரி புரொசஸருக்குக் கீழே, சொக்கட்டின் நடுவில் இருந்தது. அடுப்பின் சூட்டை அடுப்பங்கரைச் சுவரைத் தொட்டு அறிவது போன்ற அளவீடு அது. பின்னர் சில்லின் உள்ளேயே டயோட் ஒன்றைப் பதித்தார்கள்.

உள்ளே அளப்பதன் அவசியத்தை 2001 செப்டம்பரில் வெளியான ஒரு காணொளி உலகுக்குக் காட்டியது. டொம்ஸ் ஹார்ட்வெயார் இணையத்தளத்தினர், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் வெப்பத் தகட்டைக் கழற்றிவிட்டுப் படம் பிடித்தார்கள். ஏஎம்டியின் அத்லன் புரொசஸர் சில நொடிகளில் புகைந்து கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. அதன் உள்ளே இருந்த உணரி, சூடு எல்லையைத் தொட்டதும் கடிகாரத் துடிப்புகளை இடையிடையே நிறுத்திவைத்ததே காரணம். அதே ஆண்டில் வந்த அத்லன் எக்ஸ்பியில் ஏஎம்டியும் வெப்ப டயோடைச் சேர்த்தது. என் கணினியில் எழுத்துக்கள் தயங்கி வந்ததன் பொருள் இதைப் படித்தபோதுதான் விளங்கியது. அது உயிர் பிழைக்க மூச்சைக் குறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு வைரஸ் என்று பெயர் வைத்திருந்தோம்.

அதே 2001 பெப்ரவரியில், இன்டெலின் பட் கெல்சிங்கர் ஒரு பொறியியல் மாநாட்டில் எச்சரிக்கை விடுத்திருந்தார். போகும் போக்கில் போனால், சில்லின் ஒரு சதுர சென்ரிமீற்றரில் பிறக்கும் வெப்பம் சில ஆண்டுகளில் அணு உலையையும் பின்னர் ரொக்கட்டின் புகைவாயையும் எட்டும் என்றார். காரணம் இதுதான். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் வெப்ப அடர்த்தி கூடாது என்பதை 1974 இல் ரொபர்ட் டெனார்டும் அவரது தோழர்களும் காட்டியிருந்தனர். ஆனால் டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியனவாகியபோது, அணைந்திருக்கும் வேளையிலும் அவற்றின் வழியே மின்னோட்டம் கசிந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை.

2004 பெப்ரவரியில் வந்த பிரெஸ்கொட் வகைப் பென்டியம் 4 இதற்குச் சாட்சி. அதன் வேகமான வகைகள் 115 வாட் வரை வெப்பம் வெளியிடுவதாக வடிவமைக்கப்பட்டிருந்தன. அறைக்கு ஒளி தரும் நூறு வாட் மின்குமிழைவிட அதிகமான சூடு, 112 சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள, விரல் நகமளவு சில்லொன்றில். அவ்வாண்டு மே மாதம் அடுத்த தலைமுறையான டெஜாஸைக் கைவிட்ட இன்டெல், ஒக்டோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையும் கைவிட்டது. வேக ஓட்டத்தை நிறுத்தியது வெப்பமே. 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ, குறைந்த வேகத்தில் இரண்டு கருக்களைக் கொண்டு 65 வாட் எல்லைக்குள் நின்றது.

பிரெஸ்கொட் காலத்துக் கணினிப் பெட்டிகளின் பக்கத் தகட்டில் குழாய் பொருத்திய ஒரு வட்டத் துளை இருந்ததை வாசகர்கள் பலர் நினைவுகூரக்கூடும். வெளிக்காற்றை நேரே புரொசஸரின் விசிறிக்குக் கொண்டுசெல்வதற்கு இன்டெல் வகுத்த ஏற்பாடு அது. அதன் கணக்கு, அறை 35 பாகையில் இருக்கும்போது விசிறியின் வாயில் காற்று 38 பாகையைத் தாண்டக்கூடாது என்பது. கச்சான் காலத்தில் எங்கள் கரையில் வெளியே வீசும் காற்றே 38 பாகையைத் தொடும். வடிவமைப்பாளர்கள் கடைசி எல்லையாக வைத்த எண்ணில்தான் எங்கள் பிற்பகல் தொடங்குகிறது.

விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. சூட்டை இடம் மாற்றுவது மாத்திரமே அதன் வேலை. ஆகவே புரொசஸரின் வெப்பநிலை எப்போதும் அறையின் வெப்பநிலைக்கு மேல்தான் கட்டப்படும். நல்ல நிலையிலுள்ள ஒரு தகடும் விசிறியும், வாட் ஒன்றுக்கு 0.3 பாகை ஏற்றம் தருவதாக வைத்துக்கொள்வோம். 100 வாட் வெப்பத்துக்கு ஏற்றம் 30 பாகை. குளிரூட்டிய 22 பாகை அறையில் அது 52 ஆகும். கச்சான் வீசும் அறையில் 68 ஆகும். தூசு அடைத்து ஏற்றம் 45 ஆனால், முதலாவது அறையில் 67. இரண்டாவது அறையில் 83. முன்னவர் தன் கணினியின் நோயை உணரவே மாட்டார். கொழும்பிலோ லண்டனிலோ குளிர் அறையில் தப்பிவிடும் தூசு எங்கள் ஊரில் கணினியை நிறுத்திவிடுகிறது.

தூசும் ஊருக்கு ஊர் வேறுபடும். கடலோர வீட்டில் உப்பீரம் சேர்ந்து அது பசையாகப் படியும். அலுமினியத் தகட்டில் வெண்பொடி பூக்கும். மருதமுனையில் தறி ஓடும் வீடென்றால் பஞ்சிழைகள் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

அளவிடும் முறையும் பின்னர் மாறிவிட்டது. 2004 இல் பரவத் தொடங்கிய நான்கு கம்பி விசிறிகள் சூட்டுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்தன. கோர் தலைமுறை இன்டெல் புரொசஸர்களின் டிஜிட்டல் உணரி ‘எத்தனை பாகை’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘எல்லைக்கு இன்னும் எத்தனை பாகை மீதி’ என்று சொல்கிறது. மென்பொருள் அதைக் கழித்துத்தான் நமக்கு வெப்பநிலை காட்டுகிறது. 2022 இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7000 வரிசை, கடும் வேலையில் 95 பாகையைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆதலால் 71 என்ற எண்ணைக் கண்டு நான் அன்று அஞ்சியதுபோல் இன்று எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. புரொசஸரின் எல்லை என்ன, அறை எவ்வளவு, சென்ற ஆண்டு இதே மாதம் இதே வேலைக்கு எவ்வளவு காட்டியது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

இதற்காக நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில், கச்சான் தொடங்குமுன், கணினியின் பெட்டியைத் திறந்து துலக்குவேன். அறையின் வெப்பநிலையையும் புரொசஸரின் வெப்பநிலையையும் திகதியோடு எழுதிவைப்பேன். இரண்டுக்குமான இடைவெளி கூடினால் குறை கணினியில். இரண்டும் சேர்ந்து ஏறினால் குறை காற்றில். தீர்ப்புச் சொல்லுமுன் அளந்து பார்ப்பது பத்திரிகைத் தொழிலில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். என் மேசை மீதிருந்த பெட்டி விடயத்தில் அதை மறந்திருந்தேன்.

அழிந்த அந்த இரண்டு பக்கங்களுக்காக மீண்டும் அத்தாயிடம் சென்றேன். கணினி நின்றுவிட்டது என்று சொல்ல வெட்கமாயிருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தேநீர் தந்து, மறுபடியும் சொன்னார். ஆனால் முதல் நாள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அன்று காலையில் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று சொன்னவர், இம்முறை அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.