பார்வை ஊர் தேடிச் சென்ற வரலாறு



அல்லிநகரத்தில் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் சிலர் பள்ளிவாசலின் தூணோரம் அமர்ந்து குர்ஆன் ஓதுவது வழக்கம். பல ஆண்டுகளாக அவர்களைக் கண்டுவரும் நமக்கு ஒரு காட்சி பழகிப்போயிற்று. நாற்பது வயதில் முஸ்ஹஃபை மடியருகே வைத்து ஓதியவர், ஐம்பதில் ரேஹாலைச் சற்றுத் தள்ளி வைக்கிறார். அறுபதில் விளக்குக்கு நேர் கீழே இடம் தேடுகிறார். பிறகு ஒரு நாள் முஸ்ஹஃபை எடுக்காமலேயே, மனனமான சூராக்களோடு நிறுத்திக்கொள்கிறார். காரணம் கேட்டால், "வயசாயிருச்சு ஹஜ்ரத், இனிமே பாத்து என்ன செய்யப் போறோம்" என்பார். வெள்ளெழுத்தையும் கண்புரையையும் முதுமையின் பங்கென்று ஏற்றுக்கொண்ட மனம் அது. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தில், இந்த ஒதுங்கலைப் பொறுமை என்று பெயரிட்டு அழைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனைக்கும், தேனியில் 1980களின் நடுப்பகுதியிலிருந்தே அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை இயங்கிவருகிறது. ஏழைகளுக்கு அங்கே கட்டணமில்லை. மருத்துவரும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மக்கள் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை அந்த மருத்துவமனையே தன்னிடம் கேட்டுக்கொண்டது. அதற்கு அவர்கள் கண்ட விடைகளில் ஒன்று நம் தேனிப் பகுதியின் கூரைகளின் மேல், கம்பங்களின் உச்சியில் நின்றது. அதன் அருமையை உணர, முதலில் ஆயிரம் ஆண்டுகள் பின்னே சென்று வருவது நல்லது.

கண் மருத்துவரை அரபியில் 'கஹ்ஹால்' என்பர். நாம் சுர்மா என்று சொல்லும் 'குஹ்ல்' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஹிஜ்ரி நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் கஹ்ஹால்களின் கலை உச்சத்தில் இருந்தது. எகிப்தை அல்-ஹாகிம் ஆண்ட காலத்தில் (996–1021) கெய்ரோவில் இருவர் வாழ்ந்தனர். ஒருவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். நைல் நதியின் வெள்ளத்தை முறைப்படுத்தித் தருவதாக வந்தவர், நதியை நேரில் கண்டபின் அது தம்மால் ஆகாது என்று உணர்ந்தார். கலீஃபாவின் கோபத்திற்கு அஞ்சிப் பித்தனைப்போல் நடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் அன்று, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்பதை அவருடைய 'கிதாபுல் மனாழிர்' சோதனைகளோடு நிறுவியது. ஐக்கிய நாடுகள் சபை 2015ஐ ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அந்நூலின் ஆயிரமாண்டு நிறைவும் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது.

மற்றவர் மோஸுல் நகரத்து அம்மார் இப்னு அலீ. இவரை நம் மக்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். அக்காலத்தில் கண்புரைக்கு இருந்த சிகிச்சை, கூரிய ஊசியால் புரையேறிய வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவது. இந்தியாவில் சுஸ்ருத சம்ஹிதையும் இத்தகைய முறையைச் சொல்கிறது. தள்ளிய புரை மீண்டும் மேலெழுவதுண்டு. அம்மார், உள்ளே துளையுள்ள உலோக ஊசி ஒன்றைச் செய்து, மென்மையான புரையை உறிஞ்சி வெளியே எடுத்தார். தாம் செய்த அறுவைகளைத் தம் நூலில் விவரித்தும் வைத்தார்.

மத்ரஸாக்காரர்களான நமக்கு இந்த இடத்தில் ஒரு பலவீனம் உண்டு. 'எல்லாம் நம்மவர் கண்டுபிடித்ததுதான்' என்று சொல்லி, மார்பு நிமிர்த்தி, கட்டுரையை முடித்துவிடுவோம். அம்மாரின் ஊசிக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பதில்லை. அந்த முறை பரவவில்லை. பெரும்பாலான மருத்துவர்கள் பழையபடி புரையைத் தள்ளிவிடும் வழியிலேயே நெடுங்காலம் இருந்தனர். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், நுண்ணதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையை 1967இல் கொண்டுவந்தபோது, அம்மார் மறைந்து ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

அம்மாரின் திறமை அவர் விரல்களில் இருந்தது. அதைப் பிறர் விரல்களுக்கு மாற்றி, மலிவாக்கி, தொலைவிலிருப்பவனிடம் கொண்டுசேர்க்கும் அமைப்பு உருவாகவில்லை. அமைப்புகளே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய பீமாரிஸ்தான், வக்ஃபு வருவாயில் ஏழை பணக்காரர் பேதமின்றிச் சிகிச்சை தந்தது. கண்நோய்க்கென்று தனிப் பிரிவும் அதில் இருந்தது. ஆனால் அது கெய்ரோவில் இருந்தது. நைல் கரையின் ஏதோ ஒரு சிற்றூரில் பார்வை மங்கிய உழவனுக்கு அந்த இலவசத்தை அடையப் படகுக்கூலி வேண்டும், கைபிடித்து அழைத்துச்செல்ல ஆள் வேண்டும், இருவரின் பல நாள் உழைப்பும் போகவேண்டும்.

தேனியில் நின்ற கேள்வியும் இதுவே.

மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களுக்கேற்ற கருவிகளைச் செய்வித்து, அவற்றைக் கொண்டே அறுவை பழகியவர் அவர். அந்த நிறுவனத்தின் போக்கும் அப்படியே அமைந்தது: தடை எங்கே இருக்கிறதோ அங்கேயே கருவியைத் தேடுவது. புரையை நீக்கியபின் கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவு விலையில் வந்துகொண்டிருந்தது. இலவசமாக அறுவை பெறும் ஏழைக்கு அது எட்டாக் கனி. 1992இல் 'அரோலேப்' என்ற தொழிற்கூடத்தை மதுரையில் நிறுவி, அதே வில்லையைப் பத்து டாலர் அளவு விலைக்குக் கொண்டுவந்தனர்.

விலைத் தடை நீங்கிற்று. தூரத் தடை நீங்கவில்லை. கண் முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. எனினும், தென்னகக் கிராமங்களில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே முகாமுக்கு வந்ததாகக் காட்டியது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் அச்சம் இருந்தது, செலவு இருந்தது, வீட்டுப் பொறுப்பு இருந்தது, இருக்கும் பார்வையே போதும் என்ற எண்ணமும் இருந்தது. இதைப் படித்தபோது நமக்கு வெட்கமாக இருந்தது. நம் ஜமாஅத்திலும் ஆண்டுக்கொரு முகாம் நடத்துகிறோம். வந்தவர்களை எண்ணி, படம் எடுத்து, மகிழ்ந்து கலைகிறோம். வராதவர்கள் யார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

எண்ணிப் பார்த்த அரவிந்த் நிறுவனம், நிரந்தரமான சிறு பார்வை மையங்களைக் கிராமங்களின் நடுவே அமைப்பது என்று தீர்மானித்தது. ஆனால் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு கண் மருத்துவரை உட்கார வைக்க எங்கே போவது? மையத்தில் இருக்கப்போவது பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள். அவர்களில் பலர் கிராமத்துப் பெண்களே. அவர்கள் கண்ணைச் சோதித்துக் குறிப்பெடுப்பார்கள். மருத்துவர் தேனியில் இருந்தபடியே திரையில் நோயாளியைப் பார்த்து, பேசி, முடிவு சொல்லவேண்டும். 2004ஆம் ஆண்டு அது. இன்று பிள்ளைகள் கையிலுள்ள கைபேசியில் எளிதாகும் அந்தக் காரியத்திற்கு, அன்று தேனிக் கிராமங்களில் தகுந்த இணைப்பே கிடையாது.

இங்கேதான் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரின் ஆய்வுக்குழு வந்து சேர்ந்தது. அவர்கள் கையிலெடுத்தது புதிய பொருளன்று. வீடுகளில் பயன்படும் சாதாரண வைஃபை. அதன் அலையை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல், உயர்ந்த கம்பத்தின் உச்சியில் திசை நோக்கிய ஆன்டெனாவைப் பொருத்தி, எதிர்முனையை நோக்கி மட்டும் செலுத்தினால், இடையில் மறைப்பு இல்லாதவரை பல கிலோமீட்டர் செல்லும். தேனி மருத்துவமனையிலிருந்து அம்பாசமுத்திரம், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி, பெரியகுளம் எனச் சுற்றுவட்டார மையங்களுக்கு இவ்வாறு இணைப்புகள் அமைந்தன. (இந்த அம்பாசமுத்திரம் நெல்லைச் சீமையில் உள்ளதன்று, தேனிக்குப் பக்கத்திலுள்ள சிற்றூர்.) கம்பிவடம் புதைக்கவில்லை, மாதச் சந்தாவும் இல்லை.

ஆனால் வைஃபை நெடுந்தொலைவுக்காகப் பிறந்ததன்று. செய்தி அனுப்பிய கருவி, 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய நேரமே காத்திருக்கும். பதினைந்து கிலோமீட்டரை ஒளி கடக்கவே ஒரு வினாடியை இருபதாயிரம் கூறிட்டதில் ஒரு கூறு நேரம் ஆகும். போய்வர இரு மடங்கு. அதற்குள் பொறுமையிழந்த கருவி, செய்தி தொலைந்ததாக எண்ணி மீண்டும் அனுப்பும். போதாக்குறைக்கு, எதிர்முனை பேசிக்கொண்டிருப்பதை அறியாமல் இம்முனையும் பேசத் தொடங்கும். இரண்டும் மோதி அழியும். ஒரே நேரத்தில் முப்பது பிள்ளைகள் சபக் ஒப்பிக்கும் மக்தபில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. ரபின் பத்ரா, சோனேஷ் சுரானா முதலிய ஆய்வாளர்கள் செய்ததும் ஓர் உஸ்தாத் செய்வதையே: முறை வைத்தார்கள். இன்ன நேரக்கூறில் இம்முனை பேசும், அம்முனை கேட்கும். அடுத்த கூறில் மாறும். கருவியை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றிய இந்த ஏற்பாட்டால் இணைப்பின் வேகம் பல மடங்கு உயர்ந்தது. அதை விளக்கும் அவர்களது ஆய்வுக்கட்டுரை 2007இல் வெளிவந்தது.

நம்மை அதிகம் கவர்ந்தது அதற்கடுத்த ஆண்டு, 2008இல் அவர்கள் எழுதிய மற்றொரு கட்டுரை. நுட்பம் வென்றதைப் பற்றியது அன்று. அது ஏன் அடிக்கடி நின்றுபோயிற்று என்பதைப் பற்றியது. காரணம் பெரும்பாலும் அலைகளில் இல்லை, மின்சாரத்தில் இருந்தது. கிராமத்து மின்கம்பியில் அழுத்தம் திடீரென 500 வோல்ட்டைத் தாண்டுவதையும், சிலவேளை 1000 வோல்ட் வரை எழுவதையும் அவர்கள் பதிவுசெய்தனர். அழுத்தம் குறைந்தாலும் கேடுதான். மின்கலம் வடியும்போது கருவி முழுதாக அணையாமல், எழுந்து எழுந்து பாதியில் விழும்; அந்தத் தடுமாற்றத்தில் அதன் நினைவகம் கெட்டுப்போகும். மருந்தாக அமைந்தது ஒரு சிறிய, மலிவான சுற்று. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இணைப்பை முழுதாகத் துண்டித்து, மீண்டும் சீரானபின் தருவது. பெர்க்லியிலிருந்து பொறியாளர் பறந்து வரும்வரை காத்திராமல், கோளாறுகளை உள்ளூர்ப் பணியாளர்களே கண்டு சரிசெய்யப் பயிற்றுவிக்கவும்பட்டனர். மென்பொருளின் புகழை விட இந்தச் சிறு சுற்றும் இந்தப் பயிற்சியுமே மையங்களை வாழவைத்தன என்பது நம் கருத்து. அம்மாரின் ஊசிக்கு வாய்க்காத பேறு இது.

ஏலத்தோட்டத்திற்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறும் தாய்மாருக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கொடிக்குக் கீழே நாள் முழுதும் அண்ணாந்து நிற்கும் கூலியாட்களுக்கும் ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். பக்கத்து ஊர் மையத்தில் சிறு கட்டணத்தில் சோதனை முடிந்து, கண்ணாடி தேவையென்றால் அதையும் அங்கேயே பெற்று, அறுவை தேவைப்படுவோர் மட்டும் தேனிக்குப் பேருந்து ஏறுவது என்ற ஏற்பாடு அவர்களுக்கு எத்தகைய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தனியே நகரத்துக்குச் செல்லத் தயங்கும் நம் பெண்களுக்கும் அப்படியே. இன்று தமிழகத்திலும் புதுச்சேரியிலுமாக அரவிந்தின் பார்வை மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. நீரிழிவால் விழித்திரை கெடுவதை ஒளிப்படத்திலிருந்து கணினியே கண்டறியும் முறையைப் பற்றி 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்விலும் அரவிந்த் மருத்துவமனையின் படங்கள் பயன்பட்டன. சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் தெருக்களுக்கு அது வேண்டிய ஒன்றே.

தொடக்கத்தில் சொன்ன பெரியவர்களில் ஒருவர் சில மாதங்கள் போடியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். பேத்தி பள்ளி விட்டு வந்த ஒரு மாலையில் அவர் கையைப் பிடித்து அருகிலிருந்த மையத்திற்கு நடத்தியே அழைத்துச் சென்றிருக்கிறாள். கண்ணாடியோடு அல்லிநகரம் திரும்பியவர், மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் முஸ்ஹஃபை எடுத்து அரைப் பக்கம் ஓதினார். பிறகு தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார்.

"அஸர் ஜமாஅத் அஞ்சு மணிக்குத்தானே ஹஜ்ரத்? பலகையில நாலுன்னு போட்டிருக்கே, எத்தன நாளா இப்படி இருக்கு?"

பத்து நாள்களாக அப்படித்தான் இருந்தது. எழுதியவர் நாமே.